உடம்பைப் பற்றிக் கேட்கக் கூடாது

ஜூன் 3

அன்புள்ள உனக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் காலையிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனைவிக்குக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வரும்? நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று சகலை ஒரு வரி செய்தி அனுப்பினார்.

உன் நிபந்தனைகளைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன். மூன்று மாதம் நீ தங்கை வீட்டில் இருப்பாய். நான் அங்கே வரக் கூடாது. போன் செய்யக் கூடாது, கடிதம் எழுதலாம். கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் இருக்கக் கூடாது. பெட்டியோடு வாசலில் நின்று நீ இதையெல்லாம் சொன்னபோது வாடகைக் கார்க்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. "சரி" என்று மட்டும் சொன்னேன். வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமோ என்று அப்போதிருந்து யோசிக்கிறேன்.

நீ கிளம்பக் காரணமான அந்த விருந்தில் ஒரு குழந்தை இருமியது. நான் உன் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன். எல்லார் முன்னாலும் இழுத்து வந்தேன் என்கிறாய். இருக்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து நீ வீடு திரும்பிய அன்று ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். கூட்டம் கூடாது, வெட்டி வைத்த பழம் கூடாது, மண்ணைத் தொடக் கூடாது. அதில் உள்ளதைத்தான் இரண்டு வருஷமாகச் செய்தேன். உன் மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டுத் தங்கையின் அணுக்களை ஏற்றியிருக்கிறோம், இனி உனக்குப் பச்சைக் குழந்தையின் எதிர்ப்புச் சக்திதான் என்று நர்ஸ் சொன்னபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நான் விழித்திருந்தேன். நம் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு வருஷம் கழித்து, சிலவற்றைத் தளர்த்தலாம் என்று டாக்டர் சொன்னது உண்மை. எவற்றை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நான்


ஜூன் 10

தராசுக்காரருக்கு,

உங்கள் அறிக்கை கிடைத்தது. எடையளவு ஆய்வாளராகக் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்தவர், ஓய்வு பெற்றதும் சோதிக்க வேறொன்றும் கிடைக்காமல் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். காலையில் தெர்மாமீட்டர், மாலையில் தெர்மாமீட்டர், நாக்கை நீட்டு, கையைத் திருப்பிக் காட்டு. கடைக்காரன்கூட வருஷத்துக்கு ஒரு தடவைதான் உங்களிடம் மாட்டினான்.

நீங்கள் என்னை உயிரோடு வைத்திருந்தீர்கள். யார் கேட்டாலும் சொல்வேன். எங்கே வைத்திருந்தீர்கள்? ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டிய அறையில். பக்கத்து வீட்டுப் பெண் முதலில் வாசலில் நின்று பேசினாள், பிறகு தெருவில் நின்று கையாட்டினாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். கண் வறண்டது, வாய் வறண்டது, தோல் இறுகியது எல்லாம் சிகிச்சை கொடுத்தது. அதைப் பொறுத்துக்கொள்கிறேன். பேச ஆளில்லாமல் போனது நீங்கள் கொடுத்தது.

போன் ஏன் வேண்டாம் என்றேன் தெரியுமா? போனில் நீங்கள் பேசுவதே இல்லை. நான் இருமுகிறேனா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பீர்கள்.

இங்கே தங்கை என்னை ஒரு நாள்கூடப் படுக்க விடவில்லை. "உன் உடம்புல ஓடறது என் ரத்தம். நான் சொன்னாத்தான் அது கேக்கும். எழுந்து செருப்பை மாட்டு" என்று கிளப்பிவிட்டாள். இரண்டு தெரு தள்ளி, பார்வையற்றவர்களுக்காகப் புத்தகம் படித்துப் பதிவு செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. மெஷினைக் கவனிக்கும் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அம்மா, இதுக்கு முன்னாடி மைக்ல பேசியிருக்கீங்களா?"

"முப்பது வருஷம் ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொன்னவ நான். என் குரலைக் கேட்டு ஓடாத ஆள் எங்க ஊர்ல கிடையாது."

மறுநாளே உட்கார வைத்துவிட்டாள். தினமும் இரண்டு மணி நேரம் படிக்கிறேன். வாயை நனைத்துக்கொள்ளப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில். யாரோ முகம் தெரியாதவர்களுக்கு நான் மறுபடியும் வேண்டியவளாக இருக்கிறேன். உங்களுக்கு இது புரிந்தால் சந்தோஷம்.

மாதா மாதம் இங்குள்ள ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்காமல் நானாகச் சொல்வதால் இது கணக்கில் சேராது.

உங்கள் மனைவி


ஜூன் 19

அன்புள்ள உனக்கு,

நீ மறுபடியும் மைக் முன்னால் உட்கார்ந்ததைப் படித்து மகிழ்ந்தேன். பதிவு அறையில் தூசி இருக்குமா என்று எழுதி, அது உடம்பைப் பற்றிய கேள்வி ஆகுமோ என்று அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியும்படி இருக்கிறதே என்று வேறு தாளில் எழுதினேன். இப்போது அதையும் சொல்லிவிட்டேன்.

உன்னைச் சோதித்ததாகச் சொல்கிறாய். கடைகளில் சோதித்தபோதும் நான் பயந்துகொண்டேதான் போனேன். ஒரு மொத்த வியாபாரி, "யோவ், உன் எடைக்கல்லு சரியான்னு யாரு பாக்கறது?" என்று சத்தம் போட்டதும் நான் மன்னிப்புக் கேட்டு இரண்டு கிலோ சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்தேனே, நீ ஒரு வாரம் சிரித்தாய். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். என் எடைக்கல் சரிதானா என்பது எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

முன்னறை ஜன்னலின் டேப்பைப் பிய்த்துவிட்டேன். பெயிண்ட்டும் சேர்ந்து வந்துவிட்டது.

நான்


ஜூலை 2

தராசுக்காரருக்கு,

பெயிண்ட் போனால் போகட்டும். காற்று வருகிறதா?

எனக்கு ஒரு தடிமனான நாவல் கொடுத்திருக்கிறார்கள். கப்பலில் வேலைக்குப் போனவனின் கதை. ஆசிரியர் நல்ல மனிதர்தான், ஆனால் முற்றுப்புள்ளிக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று யாரோ அவரை ஏமாற்றிவிட்டார்கள். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு பக்கம், ஒரே வாக்கியம். பாதியில் நிறுத்தி மூச்சு விட்டால் அந்தப் பெண் கையைத் தூக்கிவிடுகிறாள்.

"அம்மா, மூச்சு சத்தம் விழுது. திரும்ப ஒரு தடவை படிச்சிடலாமா?"

"நான் மூச்சே விடலைன்னா உன் பதிவு இன்னும் சுத்தமா இருக்கும்" என்றேன். அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ரயில் நிற்கும் ஊர்களையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, கடைசி ஊரை வேண்டுமென்றே இழுத்தும் சொல்வேன். உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது எங்கே நிறுத்துவது என்று பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டு படிக்கிறேன். எழுத்தின் லட்சணம் அப்படி.

பதிவு அறை இரண்டாவது மாடி. மாடிப்படி திரும்பும் இடத்தில் குடையும் பையும் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வந்த புதிதில் அவரைக் கவனித்ததுகூட இல்லை. இப்போது தினமும் அவருடைய இன்னொரு ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே போகிறேன். அவர் பேசுகிறார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் எத்தனை விதமாகக் குடை உடையும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

உங்கள் மனைவி


ஜூலை 11

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். யாராவது பேச, நீ கேட்டுக்கொண்டு மட்டும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஒன்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. அது கேட்கக் கூடாத வகையைச் சேர்ந்தது என்றுதான் நினைக்கிறேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். எனவே விட்டுவிடுகிறேன்.

சமையலறைக் குழாய் ஒழுகியது. வாஷர் போயிருக்கும் என்று நினைத்து வாங்கி வந்தேன், அளவு பொருந்தவில்லை. மறுபடி போனேன். கடைக்காரர், "பழைய வாஷரைக் கொண்டு வந்திருந்தா ஒரே நடையில முடிஞ்சிருக்கும், சார்" என்றார். கொண்டுபோயிருந்தேன், என் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துக் காட்டக் கூச்சப்பட்டு மூன்று அளவிலும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது ஒழுகவில்லை. ஆனால் திறப்பதற்குக் கடினமாக இருக்கிறது. அதிகமாக முறுக்கிவிட்டேன் போலிருக்கிறது.

நீ நன்றாகத்தான் இருப்பாய். அந்த ஆசிரியரின் வாக்கியங்கள் நீளமாகத்தான் இருக்க வேண்டும்.

நான்


ஜூலை 20

என் அருமைத் தராசுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். "அத்தானா எழுதினது? ஒரு கேள்விகூட இல்லையே" என்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் முழுக்கக் குழாய். இப்படி ஒரு கடிதத்துக்காகத்தான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். தொடர்ந்து இப்படியே இருங்கள்.

நாவலில் கப்பல் நடுக்கடலுக்கு வந்துவிட்டது. நான் ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொண்டேன். ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள் அல்லவா, அதில் கொஞ்சம் தளர்ச்சி. "அம்மா, குரல் போன மாசத்தைவிட சின்னதாயிருக்கு" என்று அந்தப் பெண் சொல்லி, மைக்கை என் வாய்க்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். சரியாகிவிட்டது. எதற்கும் ஒரு வழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை.

உங்கள் மனைவி


ஜூலை 26

அன்புள்ள உனக்கு,

நிபந்தனையை மீறுகிறேன். என்னைத் திட்டு. ஆனால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

படியேறும்போது நடுவில் உட்காருகிறாய். முதலில் உட்காரவில்லை. வாக்கியத்தை உடைத்துப் படிக்கிறாய். குரல் சிறுத்துவிட்டது என்று மெஷின் பெண் சொல்கிறாள். இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரமாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் நீ ஒரு காரணம் எழுதியிருக்கிறாய், தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியான காரணம். சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. தங்கையின் அணுக்கள் உன் கண்ணையும் தோலையும் அந்நியமாக நினைத்துத் தாக்கின. நுரையீரலையும் அப்படித் தாக்கலாம், இருமலோ காய்ச்சலோ இல்லாமல் மெல்ல மெல்ல வரும், மூச்சை ஊதிப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை ஊதிப் பார்ப்பது நீ திரும்பி வந்த பிறகு என்று விட்டுவிட்டோம். அதுவரை காத்திருக்காதே. நாளைக்கே போ.

இதற்கு முன்னால் நான்கு தடவை உன்னை அவசரமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறேன். நான்கு தடவையும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடைசித் தடவை தெர்மாமீட்டர்தான் கெட்டுப்போயிருந்தது, அதுவும் எடையளவு ஆய்வாளர் வீட்டில். ஆகவே நீ என்னை நம்பக் காரணம் எதுவும் இல்லை. நானே என்னை முழுதாக நம்பவில்லை. இருந்தும் எழுதுகிறேன்.

நான்


ஜூலை 31

உங்களுக்கு,

கடைசி வரை படித்தேன். இப்போது திட்டுகிறேன்.

நான் வேடிக்கையாக எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து எடை போட்டிருக்கிறீர்கள். குடைக்காரரைப் பற்றி எழுதினால் அதில் நோய். கப்பலைப் பற்றி எழுதினால் அதில் நோய். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மாதம் நோயாளி என்ற நினைப்பில்லாமல் இருந்தேன், அது உங்களுக்குப் பொறுக்கவில்லை. எனக்கு அறுபத்திரண்டு வயது. அறுபத்திரண்டு வயதுக்காரி படியேறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

இனி என்ன எழுதினாலும் அதில் எதைக் கண்டுபிடிப்பீர்கள் என்று யோசித்துத்தான் நான் எழுத வேண்டும். பேசாமல் குழாயைப் பற்றியே எழுதியிருக்கலாம் நீங்கள்.

போக மாட்டேன்.


ஆகஸ்ட் 4

அன்புள்ள உனக்கு,

நான் சொல்வது தப்பாகவே இருக்கட்டும். ஐந்தாவது தடவையும் என்னைப் பார்த்து எல்லாரும் சிரிக்கட்டும். தங்கையையும் கூட்டிக்கொண்டு போய் ஊதிவிட்டு வந்து, சேர்ந்து சிரியுங்கள். அதற்காகவாவது போ.

நான்


ஆகஸ்ட் 21

உங்களுக்கு,

சிரிப்பதற்காகத்தான் போனேன். தங்கை வழியெல்லாம் உங்களைப் போலவே பேசிக் காட்டிக்கொண்டு வந்தாள்.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் கொடுத்தார்கள். வெளியே நின்ற பையன், "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று பந்தயக் குதிரையை விரட்டுவது போல விரட்டினான். நான் அப்போதே முடித்துவிட்டிருந்தேன். அவனுக்குத் தெரியவில்லை. மூன்று தடவை ஊதச் சொன்னான். மூன்றாவது தடவை அவன் குரல் இறங்கிவிட்டது. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

போன முறை ஊதியதில் மூன்றில் இரண்டு பங்குதான் இப்போது இருக்கிறது. சின்ன மூச்சுக்குழாய்கள் தழும்பு விழுந்து சுருங்கிவிட்டன. போனது போனதுதான், இருப்பதை இறங்காமல் பிடித்து வைக்கப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஏன் இப்படி ஆகிறது என்று அவர் விளக்கும்போது தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அணுக்கள்தான் என்று கேட்டதும் தன் கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "சின்ன வயசுல சீப்புக்கு சண்டை போட்டோம், இப்ப உள்ள உக்காந்துக்கிட்டு போடற, அவ்வளவுதானே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. கண்ணீர்தான் வரவில்லை. கண் எரிந்தது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன்.

"ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிச்சிருக்கலாம்" என்றும் டாக்டர் சொன்னார். திட்டவில்லை, சொன்னார். ஒரு மாதம் முன்னால் என்றால் ஜூலை நடு. அப்போது நீங்கள் ஒரு கடிதம் எழுதினீர்கள். ஏதோ கேட்க வேண்டும் போலிருக்கிறது, விட்டுவிடுகிறேன் என்று எழுதிவிட்டுக் குழாய்க்குப் போய்விட்டீர்கள்.

என்ன கேட்க இருந்தீர்கள்?


ஆகஸ்ட் 27

அன்புள்ள உனக்கு,

மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்க இருந்தேன்.

அன்றைக்கே சந்தேகம் வந்தது. கேட்காதே என்று நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. நீ என்னைப் பாராட்டி எழுதியபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரித் தாளில் எழுதியதை மீறக் கூடாது என்று இருந்தேன், அது உன்னை வீட்டை விட்டு விரட்டியது. நீ சொன்னதை மீறக் கூடாது என்று இருந்தேன், அது உன் மூச்சில் கொஞ்சத்தைக் கொண்டுபோனது. யாராவது விதி எழுதிக் கொடுத்தால்தான் எனக்கு நடக்கத் தெரிகிறது. எதை எப்போது விட வேண்டும் என்பதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, நானாகவும் கண்டுபிடிப்பதில்லை.

நான் கேட்டிருந்தால் நீ போயிருப்பாயா என்றும் தெரியாது. ஜூலை கடைசியில் கேட்டபோது போக மாட்டேன் என்றாய். இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. சொல்லத்தான் செய்கிறேனோ என்னவோ.

வீட்டுக்கு வந்துவிடு. டேப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் வரட்டும், இருமட்டும். நீ வா.

நான்


செப்டம்பர் 8

தராசுக்காரருக்கு,

பத்து நாளாகப் பதில் எழுதப் பிடிக்கவில்லை. கோபம்தான். உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி. எந்தப் பாதி பெரிது என்று பார்க்க உங்களைத்தான் கூப்பிட வேண்டும். நான் உங்கள் வாயைப் பொத்தினேன். நீங்கள் விலகாமல் நின்று பொத்திக்கொண்டீர்கள்.

மாத்திரையை மறுபடி ஏற்றிவிட்டார்கள். முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது, தூக்கம் போய்விட்டது. காலையும் மாலையும் இன்ஹேலர். நேற்று மறுபடி ஊதினேன். ஏறவில்லை, இறங்கவும் இல்லை. டாக்டர் இதை நல்ல செய்தி என்கிறார். நல்ல செய்தி என்ற சொல்லின் அளவு இவ்வளவு குறையும் என்று நான் நினைத்ததில்லை.

இப்போதைக்கு வீட்டுக்கு வர மாட்டேன். டேப்பை எடுத்துவிட்டீர்கள், சரி. ஆனால் அந்த வீட்டில் கால் வைத்ததும் நான் படுக்கைக்குத்தான் போவேன், நீங்கள் என் பக்கத்தில் நாற்காலி போடுவீர்கள். நம் இருவருக்கும் வேறு எதுவும் மறந்துவிட்டது. இங்கே நான் புத்தகம் படிக்கிறவள். நாவலில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. முடிப்பேனா தெரியாது. அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவு மெஷினைக் கீழே ஒரு அறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். மூச்சு சத்தத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "விழட்டும்மா. கேக்கறவங்களும் மூச்சு விட்டுக்கிட்டுதானே கேக்கறாங்க" என்றாள்.

பழைய நிபந்தனையை எடுத்துவிடுகிறேன். புதியது இது. ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி. உடம்பைப் பற்றியும் இருக்கலாம், எதைப் பற்றியும் இருக்கலாம். வேடிக்கை சேர்க்காமல், மறைக்காமல் உண்மையைச் சொல்வேன். ஒன்றே ஒன்று. இரண்டு கேட்டால் இரண்டுக்கும் பதில் வராது.

உங்கள் மனைவி


செப்டம்பர் 14

அன்புள்ள உனக்கு,

ஒரே கேள்வி என்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாய்.

முதலில் இருமல் உண்டா என்று எழுதினேன். பிறகு இன்ஹேலர் போட்டதும் வாயைக் கொப்பளிக்கிறாயா என்று எழுதினேன். தூக்கம், காய்ச்சல், கால் வீக்கம், தங்கை இன்னும் அழுகிறாளா, என் மேல் கோபம் எவ்வளவு மிச்சம். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். ஒன்றைக் கேட்டால் மற்றவை விட்டுப்போகின்றன, விட்டுப்போனதுதான் முக்கியமானதாக இருக்குமோ என்று இரண்டு நாள் போய்விட்டது. அதற்குமேல் தள்ளிப்போட எனக்குப் பயம்.

கேள்வி இதுதான். நேற்று எத்தனை பக்கம் படித்தாய்?

நடுவில் எத்தனை தடவை நிறுத்தினாய் என்று சேர்த்துக் கேட்டால் இரண்டாகிவிடும். பக்கத்தை மட்டும் எழுது.

நான்